லேபிளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்

ஜாஸ் இசைத்தட்டு எதை எடுத்தாலும் பாட்டின் பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். இசையமைத்தவர் பெயர். என்னைப் போலத் தன் இசைக் கோப்புகளைக் கணினியில் ஒழுங்காக அடுக்கிவைக்கும் கிறுக்கு உள்ளவர்களுக்கு அந்தப் பொடி எழுத்து முக்கியம். ஒவ்வொரு கோப்பிலும் 'கம்போசர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும். மற்ற இசைகளில் இது ஐந்து நிமிட வேலை. ஜாஸில் ஒரு மெட்டைப் பிடித்தால் அதற்கு மூன்று பெயர் வரும், ஆளுக்கொரு சொந்தக்காரர் வருவார், நடுவில் ஒரு வக்கீலும் வருவார்.

இதில் கொஞ்ச காலம் உருண்டு புரண்ட பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரை 'இதை உருவாக்கியவர்' என்று படிக்கக் கூடாது. 'இதற்கு வரும் பணத்தை வாங்குபவர்' என்று படிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

'நைட் டிரெயின்' கேட்டிருப்பீர்கள். ரயில் மெதுவாகக் கிளம்புவது போலத் தேய்ந்து தேய்ந்து வரும் சாக்ஸஃபோன். ஜிம்மி ஃபாரஸ்ட் 1951-ல் பதிவு செய்தார். 1952-ல் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம். இதே மெட்டு 1946-ல் பியானோகாரரும் குழுத்தலைவருமான டியூக் எலிங்டனின் 'டீப் சவுத் சூட்' தொகுப்பின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அங்கே அதன் பெயர் 'ஹேப்பி-கோ-லக்கி லோக்கல்'. ஃபாரஸ்ட் எலிங்டன் குழுவில் வாசித்துவிட்டு வெளியே வந்தவர், ஆகவே மெட்டு எப்படிப் போனது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. எலிங்டன் பாவம் என்று உச்சுக்கொட்டுவதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். எலிங்டனின் சாக்ஸஃபோன்காரர் ஜானி ஹாட்ஜஸ் 1940-ல் பதிவு செய்த 'தட்ஸ் த புளூஸ், ஓல்ட் மேன்'. அந்த ரயிலின் முக்கியமான ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டி மெட்டுத் துண்டு, அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது கட்டத்தில் யார் பெயரைப் போடுவீர்கள்?

இந்தக் குழப்பம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ஜாஸின் முதல் இசைத்தட்டோடு சேர்ந்தே பிறந்தது. 1917 பிப்ரவரி 26 அன்று, ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற நியூ ஆர்லியன்ஸ் வெள்ளைக்காரர் குழு, நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக இரண்டு பக்கம் வாசித்தது. ஒரு பக்கத்தில் 'லிவரி ஸ்டேபிள் புளூஸ்'. கிளாரினெட் சேவலாகக் கூவும், சின்ன டிரம்பெட் மாதிரியான கார்னெட் குதிரையாகக் கனைக்கும், டிராம்போன் மாடாகக் கத்தும். இன்று கேட்டால் சிரிப்புத்தான் வரும், அன்றைக்கு ஆள்களைப் பைத்தியமாக அடித்தது. குழுவின் மேனேஜர் மேக்ஸ் ஹார்ட் இதைக் காப்புரிமைக்குப் பதிவு செய்தபோது கொடுத்த பெயர் 'பார்ன்யார்ட் புளூஸ்'. விக்டரோ லேபிளில் 'லிவரி ஸ்டேபிள் புளூஸ்' என்று அச்சடித்துவிட்டது. பெயர் ஒன்றும் பதிவு இன்னொன்றுமாக ஒரு சந்து விழுந்தது. அந்தச் சந்துக்குள் அல்சிட் நூனியஸ் நுழைந்தார். இவர் அந்தக் குழுவின் பழைய கிளாரினெட்காரர், தட்டு வருவதற்கு முன்பே விலகிவிட்டவர். அவரும் ரே லோபஸ் என்ற கார்னெட்காரரும் சேர்ந்து சிகாகோவில் ரோஜர் கிரஹாம் என்ற பதிப்பாளர் மூலமாக 'லிவரி ஸ்டேபிள் புளூஸ்' என்ற பெயரிலேயே இசைத்தாளை வெளியிட்டார்கள். இசையமைத்தவர்கள்: நூனியஸ், லோபஸ். ஹார்ட் தரப்பு சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனது.

குழுவின் கார்னெட்காரர் நிக் லராக்கா சாட்சி சொன்னார். சிகாகோவில் ஷில்லர்ஸ் கஃபேயில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் துள்ளிக் குதித்து ஆடினாளாம், அதைப் பார்த்துத் தன் கார்னெட்டில் குதிரை கனைப்பது போல ஊதிக் காட்டினாராம், அங்கிருந்து பிறந்ததாம் மெட்டு. எதிர்த்தரப்புக்கும் ஒரு கதை இருந்தது. நீதிபதி ஜார்ஜ் கார்ப்பெண்டர் இரண்டையும் கேட்டுவிட்டு 1917 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார்: இரு தரப்புக்கும் உரிமை கிடையாது. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத ஆட்கள் இசையமைத்தார்கள் என்பதையே அவரால் ஏற்க முடியவில்லை. இந்தத் தட்டில் ஆட்டத்துக்கு ஏற்ற ஒரு தாளம் இருக்கிறது, சங்கீதம் என்று சொல்ல எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். ஆக, முதல் ஜாஸ் தட்டின் மெட்டு சட்டப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. என் கணினியில் அந்தக் கட்டத்தை நான் நிம்மதியாகக் காலியாக விட்டது இந்த ஒரு பாட்டுக்குத்தான்.

அந்தத் தட்டின் மறுபக்கமும் சும்மா இல்லை. 'டிக்ஸி ஜாஸ் பேண்ட் ஒன்-ஸ்டெப்' என்ற அந்த மெட்டின் ஒரு பகுதி, ஜோ ஜார்டன் என்ற கறுப்பின இசையமைப்பாளர் 1909-ல் வெளியிட்ட 'தட் டீசின் ராக்'. கேள்வி எழுந்ததும் விக்டர் பின்னால் வந்த லேபிள்களில் அந்தப் பெயரையும் சேர்த்து அச்சடித்தது. உலகத்தின் முதல் ஜாஸ் தட்டு, இரண்டு பக்கம், இரண்டிலும் தகராறு.

நீதிபதியின் காதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அவர் ஒரு நிஜமான சிக்கலில் கை வைத்தார். அன்றைய அமெரிக்கச் சட்டம், 1909-ல் வந்தது, தாளில் எழுதிக் கொடுத்த மெட்டைத்தான் பாதுகாத்தது. காதால் கேட்டு, சேர்ந்து வாசித்து, ராத்திரிக்கு ராத்திரி மாறும் ஒரு சங்கதியை யார் முதலில் தாளில் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்புகிறாரோ அவர் இசையமைப்பாளர் ஆகிவிடுவார். இசைக்குறிப்பு எழுதத் தெரிந்தவர் கை ஓங்கும். பதிப்பகம் வைத்திருப்பவர் கை இன்னும் ஓங்கும்.

'டைகர் ராக்' அப்படித்தான் லராக்கா குழுவின் பெயரில் போனது. நியூ ஆர்லியன்ஸில் டிராம்போன்காரர் ஒருவரின் பெயரால் 'ஜாக் கேரி' என்று அழைத்து அதைப் பலரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் பியானோகாரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் முன்னால் பியானோவில் உட்கார்ந்து, பழைய பிரெஞ்சு நடன இசை ஒன்றின் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து, இதை உருமாற்றி 'டைகர் ராக்' ஆக்கியது நான்தான் என்று நிரூபணமே காட்டினார். மார்ட்டன் ஜாஸையே தான்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டவர், அதனால் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். அந்தப் பதிவைக் கேட்கத் தவறாதீர்கள், அவ்வளவுதான். பொய்யாகவே இருந்தாலும் அவ்வளவு அழகாக யாராலும் வாசித்துக் காட்ட முடியாது.

'மஸ்க்ரட் ராம்பிள்' 1926-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு பதிவு செய்தது. லேபிளில் இருக்கும் பெயர் டிராம்போன்காரர் கிட் ஓரியுடையது. மெட்டு என்னுடையது, ஓரி பெயர் வைத்தார், ராயல்டியும் அவருக்குப் போகிறது என்றார் ஆம்ஸ்ட்ராங். இரண்டு பேருடையதும் இல்லை, அது நியூ ஆர்லியன்ஸின் ஆதிகாலக் கார்னெட்காரர் பட்டி போல்டன் காலத்துப் பழைய மெட்டு என்றார் கிளாரினெட்காரர் சிட்னி பெஷே. போல்டன் வாசித்த ஒரு பதிவுகூட இன்று கிடையாது. யார் பாடியது என்று தெரியாத தனிப்பாட்டையெல்லாம் காளமேகத்தின் கணக்கில் எழுதிவைத்தது போல, நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் மூலம் தெரியாத மெட்டையெல்லாம் போல்டன் கணக்கில் எழுதினார்கள்.

நாற்பதுகளில் வந்த பீபாப் என்ற புதுப் பாணி ஜாஸ் ஆட்களிடம் கதை மாறுகிறது. பியானோவும் கிட்டாரும் மெட்டுக்கு அடியில் வாசிக்கும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) வரிசை இருக்கிறதே, அதற்குக் காப்புரிமை கிடையாது. மெட்டுக்கு மட்டும்தான். தெரிந்த பாட்டு ஒன்றின் கார்ட்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே புது மெட்டு போட்டால் புதுப் பாட்டு. பழைய பாட்டை அப்படியே வாசித்தால் தட்டுக்கு 2 சென்ட் அந்தப் பாட்டின் பதிப்பாளருக்குப் போகும். 1909 சட்டம் வைத்த விலை அது, 1978 வரை ஏறவே இல்லை. புதுப் பாட்டு என்றால் அந்த 2 சென்ட் வெளியே போகாது. சின்ன கம்பெனிகள் இதை வெகுவாக ரசித்தன. நான்கு புது மெட்டு கொண்டுவா, பெயர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெயர் எப்படி வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு, யார் கஞ்சா விற்கிறார், இப்படித்தான். 'மூஸ் த மூச்' என்பது சாக்ஸஃபோன்காரர் சார்லி பார்க்கருக்குப் போதைப்பொருள் கொடுத்தவரின் பட்டப்பெயர். பார்க்கர் தன் ராயல்டியில் பாதியை அந்த ஆளுக்கே எழுதிக் கொடுத்தார். வேறெந்த இசையில் இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கும்!

அவசரத்தில் வைத்த பெயர்கள் அவசரத்திலேயே மாறின. பென்னி ஹாரிஸின் 'கிரேஸியாலஜி'யை பியானோகாரர் பட் பவல் வாசித்தபோது 'பட்ஸ் பப்பிள்', வேறொரு பக்கம் 'லிட்டில் பென்னி'. 'எ நைட் இன் டுனீஷியா'வை 1944-ன் கடைசி நாளில் சாரா வான் பாடிப் பதிந்தபோது அதன் பெயர் 'இன்டர்லூட்'. அதன் சொந்தக்காரர்களில் ஒருவராக ஃபிராங்க் பாப்பரெல்லி என்ற பெயர் இருக்கும். மெட்டைப் போட்ட டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு அவர் இசைத்தாள் எழுதும் வேறு வேலைகள் செய்து கொடுத்தார், அந்தக் கடனுக்கு இந்தப் பங்கு. மெட்டில் அவர் கை படவில்லை என்று கில்லெஸ்பியே சொல்லியிருக்கிறார். பியானோகாரர் தெலோனியஸ் மங்கின் 'ஹாக்கன்சாக்' 1954. அதே மெட்டு 1945-ல் சாக்ஸஃபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் பெயரில் 'ரிஃப்டைட்' என்று வந்திருக்கிறது, மங்க் அதற்குச் சற்று முன்பு 1944-ல் ஹாக்கின்ஸ் குழுவில் வாசித்தவர். அதற்கும் முன்னால் போனால் மேரி லூ வில்லியம்ஸ் இசைக்கோப்பு செய்த 'லேடி பி குட்' வருகிறது. அந்த அம்மா பெயர் எந்த லேபிளிலும் இல்லை. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த ஒரு விஷயத்தில் கோபம் உண்டு. மங்கின் 'ரிதம்-அ-நிங்'கிலும் அவருடைய 1936-ஆம் வருட 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' தலைகாட்டுகிறது. ஆம்பிளைகள் சண்டை போட்டுக்கொண்ட மெட்டுகளின் கதை நூறு தடவை எழுதப்பட்டிருக்கிறது, இந்த அம்மாவுக்கு ஓர் அடிக்குறிப்பு.

பார்க்கருக்கு நேர்ந்ததிலேயே மோசமானது 'நவ்'ஸ் த டைம்'. 1945 நவம்பரில் சவாய் கம்பெனிக்காகப் பதிவு செய்த ஒரு புளூஸ். 1949-ல் 'த ஹக்கிள்பக்' என்ற பெயரில் அதே மெட்டு வாரக்கணக்கில் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது, ஊரெல்லாம் அதற்கு ஒரு ஆட்டம் வேறு. லேபிளில் ஆண்டி கிப்சன் பெயர். பார்க்கருக்கு அதிலிருந்து எதுவும் வரவில்லை. வெளியிட்ட கம்பெனி எது தெரியுமா? அதே சவாய்.

எலிங்டன் பக்கம் வேறு மாதிரி. அங்கே திருட்டு என்ற சொல் பொருந்தாது, ஆனால் நியாயம் என்ற சொல்லும் பொருந்தாது. குழுவில் யாராவது எட்டு நோட்டு ஊதுவார்கள், எலிங்டன் காதில் விழும், மறுநாள் அது மூன்று நிமிடப் பாட்டாகி நிற்கும். 'மூட் இண்டிகோ' 1930-ல் முதலில் 'டிரீமி புளூஸ்' என்ற பெயரில் வந்தது. அதன் ஒரு பகுதியை கிளாரினெட்காரர் பார்னி பிகார்ட் தன் நியூ ஆர்லியன்ஸ் குரு லொரென்ஸோ டியோவிடமிருந்து கொண்டுவந்தார். பிகார்ட் பெயர் பிறகு சேர்ந்தது. டியோ பெயர் சேரவில்லை. மேனேஜர் இர்விங் மில்ஸ் பெயர் மட்டும் முதலிலிருந்தே இருக்கிறது, அது எப்படியும் இருக்கும். 'சொஃபிஸ்டிகேட்டட் லேடி'க்குத் தனக்கும் ஓட்டோ ஹார்ட்விக்குக்கும் தலைக்கு 15 டாலர் கிடைத்தது என்று டிராம்போன்காரர் லாரன்ஸ் பிரவுன் சொல்லியிருக்கிறார்.

ஹாட்ஜஸ் இதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டார். அவருடைய துணுக்கிலிருந்து பிறந்த பாட்டுகளை மேடையில் வாசிக்கும்போது பியானோ பக்கம் திரும்பி, எலிங்டனைப் பார்த்துக்கொண்டே, விரல் நுனிகளைத் தேய்த்துப் பண நோட்டு எண்ணுவது போலச் சைகை காட்டுவார். எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு அது ஏதோ வேடிக்கை. அந்த வேடிக்கையை வருடக்கணக்காகச் செய்தார், குழுவில் இருந்துகொண்டே.

எலிங்டன் குழுவின் அடையாளப் பாட்டான 'டேக் த ஏ டிரெயின்' எலிங்டனோடு வேலை செய்த இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் பெயரிலேயே இருப்பது தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். 1941-ல் அஸ்காப் என்ற இசையமைப்பாளர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் தகராறு. சங்கத்தில் இருந்த எலிங்டனின் பாட்டுகள் எதையும் ஒலிபரப்ப முடியாது. சங்கத்தில் இல்லாத ஸ்ட்ரேஹார்ன் பெயரில் இருந்தால் ஒலிபரப்பலாம். பெயர் தப்பித்தது.

சரி, டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ். ஜாஸ் ரசிகர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் இவரிடம்தான் வந்து நிற்கும். 'ஃபோர்', 'டியூன் அப்' இரண்டும் சாக்ஸஃபோன்காரர் எடி வின்சன் எழுதியவை என்பது இசைக்காரர்கள் நடுவில் வெளிப்படையான சங்கதி. 'புளூ இன் கிரீன்' 1959 மார்ச் 2 அன்று 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்துக்காகப் பதிவானது, பெயர் டேவிஸுடையது. தான் எழுதியது என்று அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ் சொன்னார். அதே டிசம்பரில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு பதிவு செய்த தட்டில் இருவர் பெயரும் இருக்கிறது. ராயல்டியில் பங்கு வேண்டும் என்று கேட்டபோது டேவிஸ் 25 டாலருக்கு ஒரு காசோலை எழுதிக் கொடுத்தார் என்பது எவன்ஸ் சொன்ன கதை. அந்தப் பத்து ஆவர்த்தன மெட்டை ஒரு தடவை கேட்டால் போதும், அது பியானோவில் உட்கார்ந்து யோசித்த ஆளின் மெட்டு. இது என் காது சொல்வது, நீதிமன்றத்தில் நிற்காது.

'சோலார்' விஷயத்தில் காது மட்டும் இல்லை, பதிவே இருக்கிறது. டேவிஸ் அதை 1954-ல் பதிவு செய்தார். 2012-ல் காங்கிரஸ் நூலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கிட்டார்காரர் சக் வெய்ன் விட்டுச்சென்ற சேகரிப்பில் 1946-ல் செய்த ஒரு தனிப்பட்ட பதிவு, அதில் 'சன்னி' என்ற மெட்டு. 'ஹவ் ஹை த மூன்' பாட்டின் கார்ட்கள் மேல் வெய்ன் போட்டது. அதன் முதல் கார்டை மேஜரிலிருந்து மைனருக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 'சோலார்'. அந்த ஒரு மாற்றம் மெட்டின் முகத்தையே மாற்றுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'சன்னி' உற்சாகமாக நடக்கிறது, 'சோலார்' யோசித்துக்கொண்டே நடக்கிறது. ஆனால் மெட்டு வெய்னுடையது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் டேவிஸின் கல்லறைக் கல்லில் சில வரி இசைக்குறிப்பு செதுக்கியிருக்கிறார்கள். எந்த மெட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டேவிஸை வில்லனாக்குவது சுலபம். 1947 மே மாதம் பார்க்கர் குழுவில் இருபது வயதுப் பையனாக அவர் வாசித்த 'டோனா லீ'யை யாரும் நினைக்க மாட்டார்கள். 'இண்டியானா' பாட்டின் கார்ட்கள் மேல் ஓடும் அந்த வேகமான மெட்டு பார்க்கர் பெயரில் வந்தது. அதை எழுதியது நான், கம்பெனி தப்பாகப் போட்டது என்றார் டேவிஸ். இசைக்கோப்பாளர் கில் எவன்ஸ் அதைத் தன் குழுவுக்கு எடுக்க அனுமதி கேட்டு டேவிஸிடம்தான் வந்தார். மெட்டு பறிபோவது எப்படி நடக்கிறது என்று அந்தப் பையன் அப்போதே பார்த்துவிட்டான்.

ஜாஸ் கூட்டாகச் செய்யும் இசை, யார் எழுதினால் என்ன என்று சொல்பவர்கள் உண்டு. 'டைகர் ராக்', 'நைட் டிரெயின்' மாதிரி, பத்துக் கை மாறி வந்த ரிஃப்களுக்கு இது சரி. அங்கே ஆசிரியரைத் தேடுவது வீண். ஆனால் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து எழுதிய 'சன்னி'க்கும் 'புளூ இன் கிரீனு'க்கும் இதே பேச்சைப் பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் இருப்பவருக்கு மட்டுமே வசதியான தத்துவம் அது. மெட்டு கூட்டாகத்தான் வந்தது, ராயல்டி ஒரே வீட்டுக்குத்தான் போனது.

பெயரும் ஆளும் சேர்ந்தே மாறிய ஒரு மெட்டு இருக்கிறது, இந்தப் பொல்லாப்பு எல்லாம் அதில் அடக்கம். 1951 அக்டோபரில் டேவிஸ் பிரெஸ்டீஜ் கம்பெனிக்கு ஒரு பதிவு செய்தார், 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' கார்ட்கள் மேல் ஒரு மெட்டு. பெயர் 'டிக்', இசையமைத்தவர் டேவிஸ். கூட வாசித்த சாக்ஸஃபோன்காரர் ஜாக்கி மக்லீனுக்கு இருபது வயது, மெட்டு அவருடையது. 1952 மே மாதம் டேவிஸ் புளூ நோட் கம்பெனிக்குப் போனார், மக்லீனும் உடன் போனார், அங்கேயும் அதே மெட்டை வாசித்தார்கள். அந்தத் தட்டில் அதன் பெயர் 'டோனா', இசையமைத்தவர் ஜாக்கி மக்லீன். இரண்டு தட்டும் இன்றைக்கும் விற்பனையில் இருக்கின்றன, இரண்டிலும் அட்டையில் பெரிய எழுத்தில் மைல்ஸ் டேவிஸ்.